செய்தியோடைக்கு ஒரு மடை

காவிரி பாயும் நாட்டில் வாழும் நமக்கு, நீர் எவ்வழி வருகின்றது என்று கேட்டறியும் வழக்கம் பிறப்போடு வந்ததாகும். மேட்டூரில் திறக்கப்பெற்ற நீர் கல்லணையை அடைந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளையாறும் வாய்க்காலுமாகப் பரந்து, பல நாட்களுக்குப் பின்னரே கடலோரத்து வயல்களை எட்டுகின்றது. திருக்கடையூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இவ்வாறு கடைமடையில் அமைந்தவை. வழியிலுள்ள மதகுகள் யாவும் தத்தம் பங்கைக் கொண்டபின் எஞ்சியதே இங்கு வந்து சேரும். ஆதலின் நம் உழவர், நீர் வந்ததா என்று மட்டும் கேளார். எந்த மதகு திறந்தது, எவர் திறந்தார், எத்தனை நாள் ஓடும் என்றும் கேட்பர். அவ்வினாக்களையே செய்தியைப்பற்றியும் நாம் கேட்கவேண்டும் என்பது இக்கட்டுரையில் யாம் வலியுறுத்தப் புகுந்த பொருளாகும்.

இக்காலத்தில் நம் மாணவர் பெரும்பாலோர்க்குச் செய்தி வரும் வழி யாது? விழித்தெழுந்தவுடன் கைப்பேசியைத் திறக்கின்றனர். உறவினர் அனுப்பியது, நண்பர் அனுப்பியது, முகநூலும் யூடியூபும் தாமே தேர்ந்து முன்வைத்தது ஆகிய இவையே அன்றைய செய்தி. அவற்றுள் எது இன்று நிகழ்ந்தது, எது மூன்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது, எதனை முதலில் எழுதியவர் யார் என்பவை விளங்குவதில்லை. தாமே கேட்டு வாங்கியது ஒன்றேனும் அவற்றுள் உண்டோ என்று எண்ணிப் பார்ப்பாரும் அரியர். இந்நிலைக்கு மாற்றாக, மேசைக் கணினியில் அமைத்துக்கொள்ளத்தக்க செய்தித்திரட்டி என்னும் மென்பொருளொன்றை ஒவ்வொரு மாணவரும் தேர்ந்து கைக்கொள்ளவேண்டும் என்பது எமது கருத்து. அதனைத் தேருங்கால் அழகையும் புகழையும் பின்னே நிறுத்தி, 'நமது பட்டியல் நம் கையில் இருக்குமா?' என்னும் வினாவையே முன்னே நிறுத்தவேண்டும் என்பதும் எமது துணிபு.

செய்தியின் வழி தெரியாமையால் விளையும் கேடு சிறிதன்று. மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் திறத்தல் மரபு. ஆயினும் 2022-ஆம் ஆண்டில் அது மே 24-ஆம் நாளே திறக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டிலோ ஜூலை 28-ஆம் நாள்வரை காத்திருக்க நேர்ந்தது. 2025-இல் மீண்டும் ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டது. நாற்றங்கால் விடுவோனுக்கு இந்நாள் ஐயமறத் தெரிதல் வேண்டும். ஓராண்டின் அறிவிப்பை நாள் குறியாமல் மற்றோராண்டில் எவரேனும் அனுப்பிவிடின், விதைநெல்லும் உழவுகூலியும் வீணாம். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குரிய கடைசி நாளும் இத்தகையதே. அது பெரும்பாலும் நவம்பர் நடுவில் அமையும், சிலபோது நீட்டிக்கப்படும். நீட்டிப்பு வரும் என்னும் பொய்ச்சொல்லை நம்பிக் காத்திருப்பவன் ஒரு போகத்தின் காப்பையே இழப்பான்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அண்மையில், கோயில் வழிபாட்டுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்று கைப்பேசி வழியே பரவிய வதந்தியால் வெறியுற்ற கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வதந்தியை முதலில் எழுதியவர் யார், எந்நாளில் எழுதினார் என்று கேட்டறிய அச்செய்தியில் யாதொரு குறிப்பும் இல்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனத்தார், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்பலாகாதென்று இந்தியாவில் வரம்பு கட்டினர். வரம்பு நன்றே, ஆயினும் ஐவருக்கு அனுப்பிய பொய்யும் பொய்யே. ஊற்று எது என்று காட்டாத நீரை அளந்து குடிப்பதனால் மட்டும் நோய் நீங்காது.

இனி, செய்தியோடை என்பது யாதெனக் காண்போம். ஓர் இணையதளம் தன்பால் புதிதாக வெளியானவற்றின் தலைப்பு, வெளியான நாளும் நேரமும், சுருக்கம், முழுக்கட்டுரைக்குரிய இணைப்பு ஆகியவற்றை ஒழுங்குபட எழுதிவைக்கும் சிறு கோப்பே ஓடை எனப்படும். திரட்டி என்பது, நாம் கொடுத்த முகவரிகளைக் குறித்த இடைவேளைதோறும் நாடிச் சென்று, முன்பு கண்டதினும் புதியது உண்டோ என வினவி, உண்டெனின் கொணர்ந்து தரும் நிரலாகும். புதியது இல்லையெனின், செம்மையாக அமைந்த திரட்டி கோப்பை மீண்டும் இறக்காமலே திரும்பிவிடும். ஆதலின் இணைய இணைப்பு மெலிந்த ஊர்களிலும் இது செவ்வனே நடைபெறும். படிப்போன் தன் பெயரையோ மின்னஞ்சலையோ எவரிடமும் பதியவேண்டுவதில்லை. நூறு தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவும் வேண்டுவதில்லை. படித்தவை ஒருபுறமும் படியாதவை ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும்.

இம்முறையின் முதல் வடிவம் 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றியது. அதனை வகுத்தவர்களுள் ஒருவராகிய இராமநாதன் குகா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் என்பது நம் மாணவர் அறியத்தக்கதாம். 2002-ஆம் ஆண்டில் டேவ் வைனர் என்பார் அவ்வடிவத்தை வளர்த்து இன்று பெருவழக்காயுள்ள 2.0 என்னும் பதிப்பை வெளியிட்டார். 2005-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆட்டம் என்னும் மற்றொரு வடிவம் இணையத்தின் பொது நியமமாக ஏற்கப்பட்டது. திரட்டிகள் இவ்விரண்டையும் படிக்க வல்லவை. ஆதலின் படிப்போர் இவ்வேறுபாட்டைப்பற்றிக் கவல வேண்டுவதில்லை. முன்னதற்கு ஆர்.எஸ்.எஸ். என்பது பெயர். அவ்வெழுத்துக்கள் நம் நாட்டில் வேறோர் அமைப்பையும் குறித்தலின், மயக்கம் நேராதிருக்க ஓடை என்னும் தமிழ்ச்சொல்லையே ஈண்டு ஆளுகின்றோம்.

தமிழர் இத்துறையில் பிந்தியவரல்லர். தமிழ் இதழ்கள் இணையத்தில் ஏறத் தொடங்கிய நாட்களில், ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ச் செய்தி பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றும். 1991-ஆம் ஆண்டிலேயே யூனிகோடு தமிழுக்கு இடம் தந்திருந்தும், அது வழக்கில் வேரூன்றப் பல ஆண்டுகள் சென்றன. அது வேரூன்றிய பின்னரே பல இடத்துத் தமிழ் எழுத்துக்களை ஒரே திரையில் திரட்டுதல் இயல்வதாயிற்று. 2004-ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் அவர்கள் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளை ஒருங்கே கூட்டி ஒரு பக்கத்தில் காட்டிற்று. தமிழகத்திலும் ஈழத்திலும் கடல்கடந்த நாடுகளிலும் இருந்து எழுதியோர் ஒருவர் எழுத்தை ஒருவர் நாள்தோறும் கண்டு உறவாடியது அதனால் நிகழ்ந்தது. பின்னர் எழுதுவோரும் படிப்போரும் முகநூலுக்குப் பெயர்ந்தனர், மன்றம் வெறிச்சோடியது. அஃது ஒரு பொதுமன்றம். அதன் திண்ணையில் அமர்ந்து படித்தோர் பலர் தமக்கென்று ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொண்டிலர். தாம் விரும்பிப் படித்த எழுத்தாளர் வேறிடத்தே தொடர்ந்து எழுதியும் அவரைக் காணாது விட்டோர் உளர்.

இதே பாடத்தை உலகம் முழுவதற்கும் கற்பித்தது கூகுள் ரீடரின் மறைவாகும். 2005-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தோன்றிய அத்திரட்டி, இலவசமாகவும் விரைவாகவும் இயங்கியதால் ஏனைய பலவற்றையும் பின்தள்ளியது. 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நிறுவனத்தார் அதனை மூடப்போவதாக அறிவித்தனர். ஜூலை 1-ஆம் நாள் அது நின்றது. பயன்படுத்துவோர் குறைந்தனர் என்பது அவர் கூறிய காரணம். அதனோடு அமைந்திருப்பின் பாதகமில்லை. விண்டோஸ் கணினிகளில் அந்நாளில் புகழ்பெற்றிருந்த பீட்டீமன் என்னும் மேசைத்திரட்டியும் உடன் மாண்டது. அதனை ஆக்கிய நிக் பிராட்பரி என்பார், பல கருவிகளுக்கிடையே பட்டியலை ஒத்திசைப்பதற்குக் கூகுள் ரீடரையே சார்ந்திருந்ததால், அது போனபின் தம் நிரலைத் தொடர்தல் இயலாதென அறிவித்தார். மேசையில் இருந்ததாயினும் அதன் உயிர் வேறிடத்தில் இருந்தது. மேட்டு மதகு அடைபட்டவுடன் நிறைந்திருந்த வாய்க்காலும் வறண்டதனை ஒக்கும் இது.

எனினும் அன்று முற்றும் இழந்தார் அல்லர் பலர். ஓ.பி.எம்.எல். என்று வழங்கும் பொதுவடிவில் தம் ஓடைகளின் பட்டியலை ஒரு கோப்பாக வெளிக்கொணர்ந்து வைத்திருந்தோர், அதனை வேறொரு திரட்டியில் உள்ளிட்டு அன்றே தம் படிப்பைத் தொடர்ந்தனர். ஒரு சிறு கோப்பு, பல ஆண்டு உழைப்பைக் காத்தது. இவ்வரலாற்றிலிருந்தே திரட்டியைத் தேர்ந்தெடுக்கும் நெறிகளை யாம் வகுத்துக்கொள்கின்றோம்.

முதலாவது, பட்டியல் நம்முடையதாதல் வேண்டும். ஓ.பி.எம்.எல். கோப்பை உள்ளிடவும் வெளியிடவும் வழியில்லாத திரட்டி எத்துணை எழிலுடையதாயினும் தள்ளத்தக்கது. கணக்குத் தொடங்கினாலன்றி இயங்கேன் என்பதும் மேசைத்திரட்டிக்கு ஏற்ற இயல்பன்று. படித்தவை, குறித்துவைத்தவை ஆகியவை நம் கணினியின் வட்டிலேயே தங்குதல் வேண்டும். இணைப்பு அற்ற வேளையிலும் முன்னரே கொணர்ந்தவற்றைப் படிக்க இயலுதல் வேண்டும். ஒத்திசைவு வேண்டுவோர் அதனைக் கூடுதல் வசதியாகக் கொள்ளலாம்; அதனையே அடித்தளமாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, தமிழ் செவ்வையாகத் தோன்றுதல் வேண்டும். இது மேனாட்டார் எழுதும் ஒப்பீடுகளில் இடம்பெறாத தேர்வு; நமக்கோ இன்றியமையாதது. 'கொ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா, 'கீ' என்பதன் மேற்சுழி அறுபடாமல் தெரிகின்றதா, தலைப்புப் பட்டியலின் சிறு எழுத்திலும் மெய்யெழுத்தின் புள்ளி தெரிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். எழுத்துத்திரையில் மட்டும் இயங்கும் நியூஸ்போட் என்னும் திரட்டி மிகவும் இலேசானது. ஆயினும் அது இயங்கும் முனையத்திரைகள் பலவற்றில் தமிழெழுத்துக்கள் கொம்பும் காலும் பிரிந்து சிதைந்து தோன்றும். அன்றியும், தேடுகட்டத்தில் 'மேட்டூர்' என்று தமிழில் எழுதினால் அச்சொல் வந்த செய்திகள் யாவும் வருகின்றனவா என்றும் சோதித்தல் நலம்.

மூன்றாவது, காலவரிசை கெடாமை வேண்டும். திருக்கடையூரைப்பற்றிப் பேசுமிடத்து அபிராமி பட்டர் வரலாறு நினைவுக்கு வாராது போகாது. அமாவாசையன்று மன்னர் சரபோஜி திதி யாதென வினவ, தியானத்தில் ஆழ்ந்திருந்த பட்டர் பௌர்ணமி என்று விடை கூறினார் என்பது செவிவழி வரலாறு. அவர் கண்ட நிலவு அகத்து நிலவு. அதற்குத் திதி இல்லை. புறத்து உலகில் நடைபோடும் நமக்கோ திதியும் நாளும் தவறலாகாது. முகநூல் போன்றவை, எதனைக் காட்டினால் நாம் நெடுநேரம் தங்குவோம் என்று கணக்கிட்டு முன்னும் பின்னுமாக அடுக்குகின்றன. இன்றைய புயலுக்கு மேலே என்றோ அடித்த புயலின் படம் நிற்றலும் கூடும். நல்ல திரட்டி, வெளியான நாளையும் நேரத்தையும் வெளியிட்டவர் பெயரையும் ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் காட்டி, புதியதை முதலாக வைத்து அடுக்கும்.

இங்கே நம் அண்டையூராகிய தரங்கம்பாடியை நினைத்தல் தகும். 1706-ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், பின்னர் அச்சுப்பொறியை வரவழைத்துத் தமிழ் நூல்களை அச்சிட்டார். ஏட்டுப் பிரதி படியெடுப்பவன் கைதோறும் சிறிது திரியும்; அச்சுத்தாளோ பெறுவார் அனைவர்க்கும் ஒன்றே. அதனாலன்றோ ஒருவர் படித்ததை மற்றொருவர் எடுத்துக்காட்டி வாதாட இயன்றது? இன்று நிறுவனங்கள் ஆளுக்கொரு வரிசையாகச் செய்தியைக் காட்டுகின்றன. ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்த இருவர் ஒரே நாளில் இருவேறு உலகங்களைக் காண்கின்றனர். ஓடையோ அச்சுத்தாளை ஒப்பது. அதனைப் பெறுவார் அனைவர்க்கும் ஒரே செய்தி, ஒரே நாள், ஒரே வரிசை.

நான்காவது, திரட்டி இலேசானதாதல் வேண்டும். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் மாணவர்க்கு வழங்கப்பெற்ற மடிக்கணினிகள் இன்றும் நம் பகுதியின் இல்லங்கள் சிலவற்றில் உள்ளன. தமையன் பெற்றதைத் தம்பி கையாளும் வழக்கமும் உண்டு. அத்தகைய பழங்கணினியில் நினைவகத்தை விழுங்கும் நிரல்கள் நகரா. அடிக்கடி மணியடித்து அழைக்கும் அறிவிப்புக்களை நிறுத்திவைக்க வழியிருத்தலும் வேண்டும். நாம் செய்தியைத் தேடிச் செல்லுதல் வேறு. செய்தி நம்மைத் துரத்துதல் வேறு.

ஐந்தாவது, நிரலைப் பேணுவார் உளரா என்று காண்டல் வேண்டும். மாக்கணினிக்குரிய நெட்நியூஸ்வயர் என்னும் திரட்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 2002-ஆம் ஆண்டில் பிரெண்ட் சிம்மன்ஸ் என்பார் ஆக்கிய அது, பின்னர் நிறுவனங்கள் இரண்டின் கைக்கு மாறி, 2018-இல் மீண்டும் அவரிடமே வந்து, 2019-ஆம் ஆண்டில் மூலநிரல் யாவர்க்கும் திறந்த கட்டற்ற மென்பொருளாகப் புதிய பதிப்புக் கண்டது. மூலநிரல் திறந்திருப்பின், ஆக்கியவர் விலகினாலும் வேறொருவர் தொடர வழியுண்டு. ஆயினும் திறந்திருத்தல் ஒன்றே போதாது. குவைட்ஆர்.எஸ்.எஸ். என்னும் திரட்டியும் திறந்ததே. எனினும் 2020-க்குப் பின் புதிய பதிப்பின்றி நின்றுவிட்டது. ஆகவே கடைசிப் பதிப்பு வெளியான நாளைப் பார்த்தபின்னரே ஒன்றை மேற்கொள்ளுதல் அறிவுடைமை.

இவ்வைந்து நெறிகளையும் வைத்து நோக்குமிடத்து, நம் மாணவர்க்கு ஏற்றன சில. தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் நிரல், விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினியிலும் இயங்கும்; ஓடைகளை அஞ்சற்கடிதம் போலவே அடுக்கித் தரும்; புதியன கற்க வேண்டுவது மிகக் குறைவு. முன்னரே அதில் அஞ்சல் பார்ப்போர் வேறொன்றைத் தேடவேண்டுவதில்லை. ஓடைகளுக்கென்றே தனி நிரல் வேண்டுவோர்க்கு ஆர்.எஸ்.எஸ். கார்டு என்பது விண்டோசிலும் லினக்சிலும் பொருந்தும். அதன் அமைப்புக்கள் பல. தொடக்கத்தில் சிறிது மலைப்புத் தரும். பழகியபின் சொல்லிய வண்ணம் செய்திகளை வடிகட்டித் தரும். லினக்ஸ் கணினி உடையார்க்கு லைபேரியாவும் அக்ரிகேட்டரும் எளியன; முன்னதில் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடுபெட்டியாக நிலைநிறுத்தினால், எத்தளத்தில் வந்ததாயினும் அச்சொல் வரும் செய்திகள் அப்பெட்டியில் வந்து சேரும். மாக்கணினியார்க்கு நெட்நியூஸ்வயரே சாலும். புளூவென்ட் ரீடர் கண்ணுக்கு இனியது. ஆயினும் இணைய உலாவியின் உறுப்புக்களையே தன்னுள் அடக்கியிருத்தலின் பழங்கணினிக்குச் சுமையாகும். இவையாவும் இலவசமாகக் கிடைப்பன. இரண்டொன்றை ஒரு வாரம் பழகிப் பார்த்து, பட்டியலை வெளியிட்டு மற்றொன்றில் உள்ளிட்டுச் சோதித்த பின்னரே ஒன்றில் நிலைத்தல் தகும். வெளியேறும் வாயிலைக் கண்டபின் வீட்டுள் நுழைதல் என்று இதனைக் கூறலாம்.

எமது கருத்தை மறுப்போர் கூறுவனவற்றையும் எண்ணிப் பார்ப்போம். 'கையில் கைப்பேசி இருக்க மேசைக் கணினி எதற்கு?' என்பர் சிலர். கைப்பேசியிலும் திரட்டிகள் உள்ளன. அவற்றை யாம் விலக்கவில்லை. ஆயினும் அமர்ந்து படித்தலும், இரு செய்திகளை அருகருகே வைத்து ஒப்பிடுதலும், குறிப்பெழுதுதலும் பெருந்திரைக்கு இயல்பானவை. ஒரு மேசைக் கணினியை நூலகத்தில் பலர் பகிர்ந்துகொள்ளலாம். கைப்பேசி தனியொருவர்க்கே உரியது.

'ஓடை தருவதையே பல தளங்கள் நிறுத்திவிட்டன' என்பர் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. பயர்பாக்ஸ் உலாவியும் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பதிப்பிலிருந்து தன்னுள் இருந்த ஓடை வசதியை நீக்கிவிட்டது. தலைப்பை மட்டும் ஈந்து உள்ளே வந்து படிக்கச் சொல்லும் இதழ்களும் உள. எனினும் ஓடை முற்றும் வற்றிவிடவில்லை. பி.பி.சி. தமிழும், இந்து ஆங்கில நாளிதழும், மைய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமும் ஓடை தருவன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் எச்சரிக்கைகளை ஓடையாகவும் தருகின்றது. வேர்டுபிரஸ் கொண்டு அமைந்த தளங்கள், அமைத்தவர் அறியாமலும் கூட, ஓடை வழங்கிக்கொண்டே இருக்கின்றன. கேட்பார் குறையின் கொடுப்பாரும் குறைவர் என்பதனால், நாம் கேட்டுப் பெறுதலே அவ்வோடைகளைக் காக்கும் வழியுமாம்.

'தான் தேர்ந்ததையே படிப்பவன் கிணற்றுத்தவளை ஆவான்' என்பது மூன்றாவது மறுப்பு. இது வலிமையுடையது. தனக்கு இனியதையே தேடுவோன் எக்கருவியைக் கையாளினும் குறுகவே செய்வான். ஆயினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நிறுவனத்தார் அமைத்த கிணற்றின் சுவர் நமக்குத் தெரிவதில்லை; நாமே எழுதிய பட்டியலின் குறையோ எழுத்தில் நிற்கின்றது; அதனைப் பிறர்க்குக் காட்டலாம், திருத்தலாம். காவிரி வழக்கைப்பற்றித் தமிழகத்து இதழொன்றைப் பட்டியலில் வைத்தவன், கர்நாடகத்து இதழொன்றையும் அருகே வைப்பானாயின், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இரு கரையினரும் எவ்வாறு கண்டனர் என்பதை அறிவான்.

இறுதியாக, இக்கருவியால் ஆகாததும் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. திரட்டி குறித்த இடைவேளையில் சென்று கொணர்வதாதலின், நொடியில் எழும் ஆபத்துக்கு அது மணியடிக்க வல்லதன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தரங்கம்பாடிக் கரையையும் நாகைக் கரையையும் அழித்தபோது, முன்கூட்டி உரைக்கும் அமைப்பே நம் நாட்டில் இல்லை. 2007-ஆம் ஆண்டிலேயே ஐதராபாத்தில் அதற்குரிய மையம் அமைந்தது. அத்தகைய எச்சரிக்கைக்கு ஒலிபெருக்கியும், கைப்பேசிக்கு வரும் அரசின் நேர்ச்செய்தியும் வேண்டும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்துக்கு அண்மையில் கரை கடந்தபின், மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அவ்விருளில் மேசைக் கணினியால் யாது பயன்? மின்கலத்தால் இயங்கும் வானொலியே அப்போது துணை. திரட்டியின் பணி வேறு. புயலுக்கு முன்னைய நாட்களில் நிலைமையை அறிந்துகொள்ளவும், புயலுக்குப் பின்னைய வாரங்களில் நிவாரணம், காப்பீடு, தேர்வு ஒத்திவைப்பு முதலியவற்றைப்பற்றி வரும் வதந்திகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் தெளியவும் அது பயன்படும். கடைமடையில் வாழ்வோர்க்கு இத்தெளிவு சிறு பயனன்று.

இதனால் நம் கல்லூரியார்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நூலகத்துக் கணினிகள் ஒவ்வொன்றிலும் ஒரு திரட்டியை அமைத்து, மாணவரும் ஆசிரியரும் கூடித் தொகுத்த பொதுப்பட்டியல் ஒன்றை அதில் உள்ளிடுதல் வேண்டும். வானிலையும் பேரிடரும், நீரும் வேளாண்மையும், கல்வியும் தேர்வும், தமிழும் இலக்கியமும், உலகச் செய்தி என ஐந்து பிரிவுகளாக அப்பட்டியல் அமையலாம். ஒவ்வோர் ஓடையின் அருகிலும் அதனை வெளியிடுவார் யார் என்று ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும். பருவந்தோறும் மாணவர் குழுவொன்று அதனைப் பார்த்து, நின்றுபோன ஓடைகளை நீக்கிப் புதியன சேர்த்தல் வேண்டும். அக்கோப்பைப் படிப்பு முடித்துச் செல்லும் மாணவர்க்கு நற்சான்றிதழோடு சேர்த்து அளிப்பினும் மிகையாகாது. கல்லூரித் தளமும் தன் அறிவிப்புக்களை ஓடையாக வெளியிடுமாயின், தொலைநாடுகளில் வாழும் பழைய மாணவர் நம் நிகழ்ச்சிகளை எவர் தயவுமின்றி நாள்தோறும் அறிவர். இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒருவர் சில மாலைப்பொழுதுகள் அமர்ந்தால் முடியும்.

மாணவ நண்பர்களே, கல்வி என்பது விடை அறிதல் மட்டுமன்று. அவ்விடை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கமும் கல்வியே. வாய்க்காலில் வரும் நீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள மடையொன்று வைத்து, வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது அடைத்தல் நம் முன்னோர் அறிந்த தொழில். செய்திவெள்ளத்துக்கும் அத்தகைய மடை ஒன்றை அவரவர் மேசையில் அமைத்துக்கொள்ளுங்கள். பத்து ஓடைகளோடு தொடங்குங்கள். பட்டியலின் படியொன்றைத் தனியே காத்துவையுங்கள். உங்களுக்கு வந்த செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன், அதன் ஊற்று உங்கள் பட்டியலில் உண்டோ என்று ஒருமுறை பாருங்கள். நம் பகுதி நீருக்குக் கடைமடையாயினும் அறிவுக்குக் கடைமடையாக இருத்தல் வேண்டுவதில்லை.